கடல் கடந்த துணியும் கதவடைத்த சட்டமும்



நம்மில் பலர் இல்லத்தில் உடுத்தும் கைலிக்கு மலேசியாவில் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். அந்நாட்டு முஸ்லிம்கள் பள்ளிவாசலுக்கு வரும்போது அதனை விரும்பி உடுத்துவர். ‘காயின்’ என்றால் மலாய் மொழியில் துணி. ‘பெலிக்காட்’ என்பது சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள நம் பழவேற்காட்டின் பெயரே. அவ்வாறே கோழிக்கோட்டின் பெயரைக் கொண்டு ஆங்கிலேயர் பருத்தித் துணியைக் ‘காலிக்கோ’ என்று அழைத்தனர். துணியோடு ஊரின் பெயரும் கப்பலேறி அயல்மொழிகளில் நிலைத்துவிட்டது.

சபர் சென்று பொருளீட்டிய முன்னோரின் பெருமையைப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்துணி சென்று இறங்கிய நாட்டில் என்ன நேர்ந்தது? அதனைக் கண்டு வெகுண்டவர் யார்? அவ்வெகுளி எவ்வாறு சட்டமாயிற்று? அச்சட்டத்தால் பயனடைந்தவர் யார்? இவற்றையே ஈண்டுக் காண விழைகிறோம்.

இதற்கோர் உடனடிக் காரணமும் உண்டு. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூரின் பின்னலாடைத் தொழிலிலும், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் தொழிலிலும் பெருங்கவலை சூழ்ந்தது. “வணிகம் செய்து வளர்ந்த நாடே வணிகத்தை இவ்வாறு தடுக்குமா?” என்று நம்மிடம் வினவியவர் பலர். தடுக்கும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரும் தடுத்திருக்கிறது. அன்று தடுத்தது இங்கிலாந்து. தடுக்கப்பட்டது நம் கரையின் துணி.

நம் கரையின் துணி

சோழமண்டலக் கரையின் துணிகள் ஐரோப்பியர் வருமுன்னரே கீழைக்கடல் முழுதும் சென்றவை. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களிலிருந்து முஸ்லிம் வணிகரும் பிற வணிகரும் அவற்றை மலாக்கா, கெடா, அச்சே ஆகிய இடங்களுக்கு ஏற்றிச் சென்று, மிளகும் நறுமணப் பொருள்களும் ஈயமும் கொண்டு வந்தனர். மிளகு வாங்க வந்த ஐரோப்பியரோ, அத்தீவுகளின் மக்கள் மிளகுக்கு மாற்றாக நம் கரைத் துணியையே விரும்பிக் கேட்பதைக் கண்டனர். எனவே அவர்களும் இக்கரைக்கு வந்து சேர்ந்தனர். டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டினர். டேனியர் 1620-இல் தரங்கம்பாடியிலும், ஆங்கிலேயர் 1639-இல் சென்னையிலும், பிரெஞ்சுக்காரர் 1674-இல் புதுச்சேரியிலும் கால் ஊன்றினர். இவ்வூர்களின் வரலாற்றைத் துணியின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது.

அத்துணியில் அப்படியென்ன சிறப்பு? சாயம் போகாமையே அதன் சிறப்பு. கைவினைஞர் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சிவப்பு வேண்டிய இடங்களில் படிக்காரக் கரைசலால் கோலமிடுவர். பின்னர்ச் சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைத்தால் படிக்காரம் பட்ட இடங்களில் மட்டும் சிவப்பு ஊறி நிற்கும். நீலத்துக்கு அவுரி. இவ்வாறு பூவும் கொடியுமாய்ப் பொலிந்த துணியையே நாம் சீட்டித் துணி என்கிறோம். துவைக்கத் துவைக்க மங்காத பூவேலைப் பருத்தித் துணி அக்காலத்து ஐரோப்பியர் கண்டறியாத ஒன்று. அவர்களுடைய கம்பளி கனமானது, துவைப்பதற்குக் கடினமானது; பட்டோ விலையுயர்ந்தது.

தொடக்கத்தில் மேசை விரிப்பாகவும் திரைச்சீலையாகவும் சென்ற துணி, விரைவில் உடையாயிற்று. சீமாட்டியும் உடுத்தினாள்; அவள் இல்லத்துப் பணிப்பெண்ணும் உடுத்தினாள். 1680-களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் ஆண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துணிகளை இந்தியாவிலிருந்து இறக்கியது. நறுமணப் பொருள் வாங்குவதற்கென 1600-இல் தோன்றிய கம்பெனி, நூறாண்டு முடிவதற்குள் துணிக் கம்பெனியாகவே மாறிவிட்டது எனலாம்.

லண்டன் நெசவாளரின் துயரம்

இனி மறுகரைக்குச் செல்வோம். லண்டன் மாநகரின் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்றொரு பகுதி உண்டு. அது பட்டு நெசவாளர் வாழ்ந்த இடம். 1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, தம் நாட்டுப் புராட்டஸ்டண்டு சிறுபான்மையினருக்கு வழங்கப்பட்டிருந்த வழிபாட்டு உரிமையை நீக்கினார். ‘ஹியூகனாட்டுகள்’ எனப்பட்ட அம்மக்கள் உயிருக்கும் சமயத்துக்கும் அஞ்சிப் பல நாடுகளுக்கு ஓடினர். அவர்களுள் நெசவு அறிந்தோர் பலர் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் குடியேறித் தறி போட்டனர். தாயகம் இழந்து வந்தோர்க்குத் தறி ஒன்றே வாழ்வாதாரம்.

அத்தறிக்குத்தான் நம் கரைத் துணி போட்டியாக வந்தது. கடைக்காரர் பட்டைக் குறைத்துச் சீட்டியை அடுக்கினர். தறிகள் ஓய்ந்தன. நெசவாளி மட்டுமன்றி, நூல் சுற்றும் பெண்டிரும் சிறாரும் வேலை இழந்தனர். இங்கிலாந்தின் தொன்மையான தொழிலாகிய கம்பளித் தொழிலைச் சார்ந்தோரும் இவர்களோடு சேர்ந்து முறையிட்டனர்.

பிரான்சு இதில் முந்திக்கொண்டது. 1686-லேயே அச்சடித்த பருத்தித் துணியை அந்நாடு தடை செய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்திலோ நெசவாளர் தெருவில் இறங்கினர். 1697-இல் அவர்கள் பாராளுமன்றத்தை முற்றுகையிட்டதோடு, கம்பெனியின் தலைமை அலுவலகத்தையும் தாக்கினர்.

இருதரப்பு வாதங்களையும் நாம் நடுநின்று நோக்க வேண்டும். கம்பெனியினர், “மலிவும் நலிவின்மையும் உள்ள பொருளை மக்கள் வாங்குகின்றனர், இதில் குற்றம் என்ன?” என்றனர். நெசவாளரோ, “எங்கள் நாட்டு வெள்ளி கப்பலேறிச் செல்கிறது, குறைந்த கூலிக்கு வேலை செய்யும் அயல்நாட்டார் எங்கள் உணவைப் பறிக்கின்றனர்” என்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. வணிகத்தின் பயன் பல்லாயிரம் பேருக்குச் சிறிது சிறிதாகச் சென்று சேரும். துணி வாங்கிய பெண்ணுக்கு மிச்சம் சில காசுகள். அதன் இழப்போ ஒரு தெருவார் மீது மொத்தமாக வந்து விழும். சில காசு மிச்சப்பட்டதற்காக எவரும் ஊர்வலம் போவதில்லை. அடுப்பு அணைந்தவர் போகாமல் இருப்பதில்லை. உலக வணிகத்துக்கு எதிரான அரசியல் சீற்றம் எக்காலத்திலும் இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே பிறக்கிறது. கூட்டத்தின் கூச்சலை மட்டும் கேட்போர்க்கு இது புலப்படுவதில்லை.

இரண்டு சட்டங்கள்

1700-ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பாரசீகம், சீனம், இந்தியா ஆகியவற்றின் பட்டுத் துணிகளையும், வண்ணம் தீட்டியும் அச்சடித்தும் சாயமேற்றியும் வந்த பருத்தித் துணிகளையும் 1701 செப்டம்பர் இறுதி முதல் இங்கிலாந்தில் உடுத்தலாகாது, பயன்படுத்தலாகாது என்றது அச்சட்டம். ஆயினும் அதில் இரு வாயில்கள் திறந்தே இருந்தன. ஒன்று, தடைபட்ட துணியைக் கிடங்கில் வைத்திருந்து வேறு நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யலாம். மற்றொன்று, அச்சிடாத வெள்ளைத் துணியைத் தீர்வை செலுத்தி இறக்கலாம்.

விளைவு என்ன? வெள்ளைத் துணி வந்து குவிந்தது. லண்டனைச் சுற்றி அச்சுப் பட்டறைகள் பெருகின. நம் கைவினைஞர் செய்த வேலையை அங்குள்ளோர் கற்றுக்கொண்டனர். சீட்டித் துணி முன்னினும் மலிவாயிற்று. எவர் பொருட்டுச் சட்டம் வந்ததோ அந்த நெசவாளி தெருவிலேயே நின்றான்.

1719-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சீற்றம் மீண்டும் வெடித்தது. ஆயிரக்கணக்கான நெசவாளர் லண்டன் தெருக்களில் திரண்டனர். இம்முறை அவர்கள் கைக்கு அகப்பட்டது கம்பெனியன்று. சீட்டி உடுத்தித் தெருவில் நடந்த பெண்கள். அவர்களின் ஆடைகளைக் கிழித்தனர், மையை வீசினர், திராவகத்தையும் ஊற்றினர். கலகத்தை அடக்கப் படையினர் வரவழைக்கப்பட்டனர். அதே ஆண்டில் ‘ராபின்சன் குருசோ’ கதையை வெளியிட்டுப் புகழ்பெற்ற டேனியல் டீஃபோ, நெசவாளர் தரப்பில் ஓர் இதழையே நடத்தி, சீட்டித் துணியையும் அதனை உடுத்தும் பெண்களையும் கடுமையாகச் சாடி எழுதினார்.

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். துணியால் பெரும்பொருள் ஈட்டியவர் கம்பெனியின் பங்குதாரர். அவர்களுள் செல்வரும் செல்வாக்குடையோரும் இருந்தனர். அவர்களைத் தொட இயலாத கை, ஒரு பணிப்பெண்ணின் பாவாடையைக் கிழித்தது. பசி உண்மையானது, பழி சென்ற இடமோ தவறானது.

1721-இல் இரண்டாம் சட்டம் வந்தது. 1722 டிசம்பர் 25 முதல் அச்சடித்த பருத்தித் துணியை, அது எங்கு அச்சிடப்பட்டதாயினும், இங்கிலாந்தில் உடுத்துவதே குற்றம். உடுத்தியவருக்கு 5 பவுண்டு தண்டம். விற்றவருக்கு 20 பவுண்டு. உடுத்தியவரிடம் பெறும் தண்டத்தொகை காட்டிக் கொடுத்தவருக்கே உரியது! அண்டை வீட்டாரை அண்டை வீட்டார் உளவு பார்க்கும் நிலையைச் சட்டமே உண்டாக்கிற்று. மஸ்லினுக்கும் முழு நீலத் துணிக்கும் விலக்கு அளிக்கப்பட்டது.

சட்டம் யாருக்குப் பயன்பட்டது?

நெசவாளியின் கண்ணீருக்காக வந்த சட்டம் அவன் கண்ணீரைத் துடைத்ததா என்று நோக்கினால், வரலாறு வியப்பான விடை தருகிறது.

முதலாவதாக, கம்பெனியின் வணிகம் நிற்கவில்லை. உள்நாட்டில் உடுத்தக்கூடாத துணி ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குச் சென்றது; மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. ஆப்பிரிக்கக் கரையில் இந்தியத் துணிக்கு மாற்றாக அடிமை வணிகர் பெற்றது மனிதர்களை. கோலமிட்டுச் சாயமேற்றிய நம் கைவினைஞர், தம் துணி மனிதனுக்கு விலையாகிறது என்பதை அறிந்திருக்க வழியில்லை. லண்டன் பெண்ணின் உடலில் சீட்டி இருக்கலாகாது என்று கவலையுற்ற சட்டம், அதே சீட்டி கொண்டு மனிதர் வாங்கப்படுவதைக் குறித்துக் கவலையுறவில்லை.

இரண்டாவதாக, தடையின் நிழலில் வளர்ந்தது பட்டுமன்று, கம்பளியுமன்று. லங்காஷயர் பகுதியில் லினன் பாவும் பருத்தி ஊடையுமாக ஒரு கலப்புத் துணி நெய்யப்பட்டு வந்தது. அதனை அச்சிட 1736-இல் பாராளுமன்றம் வெளிப்படையாக இசைவு தந்தது. பூவேலைத் துணியின் மீது மக்களுக்கு இருந்த விருப்பம் குறையவில்லை. இந்தியத் துணிக்கு வழி அடைபட்டிருந்தது. ஆகவே அவ்விடத்தை லங்காஷயர் நிரப்பியது. 1760-களில் ஹார்கிரீவ்ஸின் நூற்பு எந்திரமும், 1769-இல் உரிமம் பெற்ற ஆர்க்ரைட்டின் எந்திரமும், 1779-இல் கிராம்ப்டனின் எந்திரமும் வந்தன. 1774-இல், இங்கிலாந்தில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கு இருந்த தடை நீக்கப்பட்டது. தடை ஒன்றே தொழிற்புரட்சியைத் தந்தது என்பது மிகையாகும். எந்திரமும் நிலக்கரியும், அடிமைகள் விளைவித்த மலிவான பஞ்சும் அதில் பங்கு கொண்டன. எனினும் தடையால் வளர்ந்த சந்தை அத்தொழிலுக்குத் தொட்டிலாயிற்று என்பதை மறுக்க இயலாது.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளரின் கதி? 1760-களில் அங்கு மீண்டும் கலகங்கள் நிகழ்ந்தன. 1766-இல் அயல்நாட்டுப் பட்டும் தடை செய்யப்பட்டது. 1773-இல் கூலியை நிர்ணயிக்கச் சட்டம் வந்தது. 1824-இல் அந்தக் கூலிச் சட்டமும், 1826-இல் பட்டுத் தடையும் நீங்கின. 1860-இல் பிரான்சுடன் செய்த வணிக உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பட்டு தீர்வையின்றி வந்தது. அத்துடன் அத்தெருக்களின் தறியோசை ஏறத்தாழ அடங்கிற்று. தடை நெசவாளிக்குச் சில காலம் மூச்சு விட இடம் தந்தது; வாழ்வு தரவில்லை.

அலை திரும்பிய காலம்

எந்திரத்தால் வலுப்பெற்ற பின்னர் இங்கிலாந்து கட்டற்ற வணிகத்தின் பெருமையைப் பேசலாயிற்று. 1813-இல் இந்திய வணிகத்தில் கம்பெனிக்கு இருந்த தனியுரிமை நீக்கப்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்துக்குள் செல்லும் இந்திய வெள்ளைத் துணிக்குத் தீர்வை 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இந்தியாவுக்குள் வரும் ஆங்கிலத் துணிக்கோ மிகச் சிறிய தீர்வை. லங்காஷயர் துணியும் நூலும் நம் துறைமுகங்களில் வந்து குவிந்தன. நூல் நூற்ற பெண்டிர் முதலில் வேலை இழந்தனர். நெசவாளர் பலர் அடுத்து வீழ்ந்தனர்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளியும் நம் நெசவாளியும் பட்ட துன்பம் ஒன்றே. வேறுபாடு ஒன்று உண்டு. அவன் சென்று முறையிட அவன் நாட்டில் ஒரு பாராளுமன்றம் இருந்தது. இவனுக்காகச் சட்டம் செய்யும் மன்றமும் ஆறாயிரம் மைல்களுக்கு அப்பால் அதே லண்டனில் இருந்தது. அங்கே லங்காஷயருக்குக் குரல் இருந்தது, இவனுக்கு இல்லை. பிற்காலத்தில் இந்திய ஆலைகள் தலையெடுத்தபோதும், 1896 முதல் ஆலைத் துணிக்கு 3.5 விழுக்காடு கலால் வரி விதிக்கப்பட்டது. வருவாயின் பொருட்டு இறக்குமதித் துணிக்கு வரி விதித்த அரசு, லங்காஷயர் நட்டமடையலாகாதே என்று உள்நாட்டுத் துணிக்கும் அதே வரியை விதித்தது! 1925 வரை அவ்வரி நீடித்தது.

சட்டமன்றத்தில் குரல் இல்லாதோர் கடைத்தெருவில் குரல் கொடுத்தனர். 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம், அயல்நாட்டுத் துணியைப் புறக்கணிக்க அழைத்தது. 1906-இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் வணிகப் பெருந்தகை 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, வாங்கி உதவினார். ஆங்கிலக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அதனை வீழ்த்த முயன்றது. 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார், சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. ஆயினும் ‘நம் பொருள், நம் கப்பல்’ என்ற எண்ணம் கலையவில்லை.

தொடரும் கதை

இதன் பின்னரும் இக்கதை பன்முறை நிகழ்ந்தது. 1930 ஜூனில் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் இறக்குமதி வரிகளை உயர்த்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியல் அறிஞர் வேண்டாமென்று கையொப்பமிட்டும் பயனில்லை. பிற நாடுகள் பதிலுக்கு வரி விதித்தன. பெருமந்தத்தோடு இதுவும் சேர, 1929-க்கும் 1933-க்கும் இடையில் உலக வணிகத்தின் மதிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. அந்தப் பாடத்தைக் கற்றே 1947-இல் 23 நாடுகள் ஜெனீவாவில் காட் ஒப்பந்தம் செய்தன. 1995-இல் உலக வணிக அமைப்பு தோன்றியது. ஆனால் அப்போதும் துணிக்கு மட்டும் தனி நீதி! 1974 முதல் 2004 இறுதி வரை, வளர்ந்த நாடுகள் ஏழை நாடுகளின் துணிக்கும் ஆடைக்கும் கோட்டா விதித்து அளந்தே வாங்கின. ‘கோட்டா’ எனும் சொல் திருப்பூர் வணிகர்க்கு நன்கு அறிமுகமானதே. 2025-இல் நேர்ந்தது இந்நெடுங்கதையின் மற்றோர் அத்தியாயம்.

நாம் பெறும் பாடம்

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பிரிக் லேன் என்றொரு தெரு உண்டு. அங்கு 1743-இல் ஹியூகனாட்டு அகதிகள் தங்களுக்கென ஒரு தேவாலயம் கட்டினர். அவர்கள் கலைந்து சென்றபின் அது மெதடிஸ்டு கிறித்தவர் கைக்கு வந்தது. 1898-இல், கிழக்கு ஐரோப்பாவின் கொடுமைகளிலிருந்து தப்பி வந்த யூதர்களின் தொழுகைக் கூடமாயிற்று. 1976 முதல் அது பள்ளிவாசலாக விளங்குகிறது. அங்குத் தொழுவோருள் பெரும்பாலோர் வங்கதேசத்திலிருந்து குடியேறியோர். அவர்களுள் பலர் அப்பகுதியின் ஆடைத் தொழிற்கூடங்களில் உழைத்தவர்கள். மஸ்லின் நெய்த மண்ணின் மக்கள். வங்காளத்தின் துணியும் நம் கரையின் துணியும் வரலாகாது என்று முழங்கிய அதே தெருக்களில், அத்துணி நெய்தோரின் வழித்தோன்றல்கள் தைத்தும் வெட்டியும் பிழைத்தனர். ஒரு பொருளின் வருகையைத் தடுக்க முடிந்த சட்டத்தால் மனிதர் வாழ்வு தேடி வருவதைத் தடுக்க முடியவில்லை.

அயல்நாடு நம் பொருளைத் தடுக்கும்போது நாம் வருந்துகிறோம், அது இயல்பே. அதே வேளையில், மறுகரையில் வேலை இழந்து நிற்பவனும் நம்மைப் போல் குடும்பம் உடையவனே என்பதை மறக்கலாகாது. அவன் துயரைக் கேட்பார் இன்றி விட்டதால்தான், அதனைத் தம் அரசியலுக்குப் பயன்படுத்துவோர் வந்து சேர்கின்றனர். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் கம்பெனியின் ஆதாயத்தில் ஒரு பகுதி வேலை இழந்த தெருவுக்குச் சென்றிருந்தால், திராவகப் புட்டிகளுக்கு வேலை இருந்திருக்குமா என்பது சிந்திக்கத்தக்கது.

இது நமக்கும் பொருந்தும். நம் முன்னோர் உடுத்தியது கைத்தறிக் கைலி; இன்று நம்மில் பலர் உடுத்துவது விசைத்தறிக் கைலி. விலை குறைவு என்று வாங்குகிறோம், தவறில்லை. ஆனால் கைத்தறியை விட்டு இறங்கியவர் இப்போது என்ன செய்கிறார், அவர் பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறான் என்று நாம் விசாரித்ததுண்டா? வணிகத்தால் செழித்தோர் நம்மிடையே பலர் உள்ளனர். வணிகத்தின் மாற்றத்தால் தொழில் இழந்தோரும் நம் தெருக்களிலேயே உள்ளனர். புதுத்தொழில் கற்கவோ, பிள்ளையின் படிப்பைத் தொடரவோ அவர்க்குக் கை கொடுப்பது முன்னவர் கடமை. அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

அடுத்த முறை மலேசியாவிலிருந்து வரும் உறவினர் ‘பெலிக்காட்’ கைலி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தால், அது பழவேற்காட்டின் பெயர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அத்துணியைத் தடுக்க ஒரு சட்டம் வந்ததையும், அச்சட்டம் எவரைக் காக்க வந்ததோ அவரைக் காக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.